கேபிள் போட்டும் நெட் விட்டு விட்டு வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் வீடுகளுக்கு நெட் கேபிள் இழுப்பது, கேமரா மாட்டுவது, இதுதான் என் பிழைப்பு. போனில் வரும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றேதான், ஆள் மட்டும் மாறும். அதனால் ஒரே இடத்தில் எழுதிவைத்து விடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

நெட் முழுசாகப் போய்விடுவது வேறு கதை, அதைப் பிடிப்பது சுலபம், கோளாறு அங்கேயே நின்றுகொண்டிருக்கும். இங்கே சொல்வது இரண்டு நொடி, அரை நிமிடம், இரண்டு நிமிடம் போய்விட்டுத் தானாக வரும் வகை. நான் போய் நிற்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும், பைக்கை ஸ்டார்ட் செய்ததும் மறுபடி தொடங்கும். 'பெட்டி' என்று நான் சொல்வது ஃபைபர், அதாவது வெளிச்சத்தில் நெட்டைக் கொண்டுவரும் கண்ணாடி இழை, வந்து சேரும் மோடத்தை. இப்போது நிறைய வீடுகளில் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது.

வொய்ஃபைன்னா கட் ஆகும், சரி. கேபிள் நேரா குத்தியிருக்கேன், பின்ன எதுக்கு அண்ணா போவுது?

கேபிள் குத்தியதால் ஒழிந்தது சுவரும் பக்கத்து வீட்டு வொய்ஃபையும் தரும் தொல்லை மட்டும்தான். போஸ்டிலிருந்து வரும் ஃபைபர், பெட்டி, பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர், கேபிள், இரண்டு முனையிலும் உள்ள பிளக், கம்ப்யூட்டரின் போர்ட் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. இதில் எது விட்டாலும் திரையில் தெரிவது 'நெட் போச்சு' என்ற ஒன்றுதான்.

இன்னொன்று, லேப்டாப்பில் கேபிள் குத்தியிருந்தும் வொய்ஃபையை அணைக்காமல் விட்டிருப்பீர்கள். கேபிள் விடும்போது அது சத்தமில்லாமல் வொய்ஃபைக்குத் தாவும், கேபிள் வந்ததும் திரும்பத் தாவும், அந்தத் தாவலில் உங்கள் வீடியோ கால் அறுந்துபோகும். கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் முன்னால் வொய்ஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே புரியாது.

கம்ப்ளெயின்ட் பண்ணினா பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னுதான் சொல்றாங்க. பண்ணினா சரியாவுது, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. இதுல என்ன பிரயோஜனம்?

நிஜமாகவே சில சமயம் பிரயோஜனம் உண்டு, பெட்டி சூடாகித் திணறியிருந்தால் ஆஃப் செய்து ஆன் செய்வதில் சரியாகும். ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறு எப்படியும் தானாக வரக்கூடியது. நீங்கள் அணைத்துப் போட்டதால் வந்ததா, வருகிற நேரத்தில் நீங்கள் அணைத்துப் போட்டீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

புதுக் கேபிள் வாங்குவது, புது ரவுட்டர் வாங்குவது எல்லாம் இதே வகைதான். எந்த இடத்தில் அறுகிறது என்று தெரிவதற்கு முன்னால் எதையும் மாற்றாதீர்கள். கருங்கலில் ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். குற்றவாளி, ஆரம்பத்திலிருந்தே யாரும் தொடாத ஒரு அடாப்டர். அந்தக் கதை மோட்டார் கேள்வியில் வருகிறது.

எங்க அறுகுதுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது.

இதற்கு அவ்வளவு தெரியவேண்டியதில்லை. விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சிஎம்டி என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதில் பிங் என்று அடித்து, இடம் விட்டு 192.168.1.1, மறுபடி இடம் விட்டு ஒரு சின்னக் கோடும் டி எழுத்தும் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். அந்த எண் உங்கள் பெட்டியின் முகவரி, சில பெட்டிகளில் 192.168.0.1 ஆக இருக்கும், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். இப்போது நொடிக்கு ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். இதே மாதிரி இரண்டாவது ஜன்னல் திறந்து, எண்ணை மட்டும் 8.8.8.8 என்று மாற்றுங்கள், அது கூகுளின் சர்வர். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நெட் போகும் நேரத்தில் எந்த ஜன்னல் தடுமாறுகிறது என்பதுதான் விஷயம். 8.8.8.8 மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று காட்டி, பெட்டி ஜன்னல் 1 மில்லி செகண்டில் ஒழுங்காக ஓடினால் உங்கள் கேபிளும் கம்ப்யூட்டரும் குற்றமற்றவர்கள். கோளாறு பெட்டிக்கு அந்தப் பக்கம். இரண்டும் சேர்ந்து போனால் வீட்டுக்குள்தான். அதிலும் 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால் கேபிளைப் பிடுங்கிய மாதிரி கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது என்று அர்த்தம், நேராகப் பிளக்கையும் கேபிளையும் பாருங்கள்.

இந்தச் சோதனையை இனிமேல் 'இரண்டு ஜன்னல்' என்றே சொல்கிறேன். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால் நல்லது. கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நின்று, எத்தனை போனது எத்தனை வந்தது என்று கணக்கும் காட்டும்.

ரெண்டு நொடிதான் போவுது, உடனே வந்துருது. இதுக்கெல்லாம் நோட்டு போட்டு எழுதணுமா?

எழுதினால் எனக்குப் பாதி வேலை மிச்சம். எவ்வளவு நேரம் போகிறது என்பதிலேயே ஆள் யாரென்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டு முதல் ஐந்து நொடி என்றால் பெரும்பாலும் பிளக் அல்லது கேபிள், ஏனென்றால் இணைப்பு ஒரு கணம் விட்டாலும் இரண்டு பக்கமும் மறுபடி கைகுலுக்கி வேகத்தைப் பேசி முடிக்க அவ்வளவு நேரம் எடுக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்றால் பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது. அரை நிமிடம் மாதிரி என்றால் ஃபைபர் பக்கம் சந்தேகப்படலாம்.

அதை விட முக்கியம் எத்தனை மணிக்குப் போகிறது என்பது. திருவட்டாறு பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதி வைத்திருந்தார். காலை 6.10, 6.35, மாலை 5.50, அடுத்த நாளும் கிட்டத்தட்ட அதே. நான் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சாரே, காலையில ஆறு மணிக்கு என்ன பண்ணுவீங்க" என்றுதான் கேட்டேன்.

பெட்டியில வெட்டம் எல்லாம் எரியுது, ஆனா நெட் இல்ல. அதெப்படி?

எந்த வெட்டம் என்பதைப் பொறுத்தது. பான் (PON) என்று எழுதிய பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் ஃபைபர் சரி. லாஸ் (LOS) என்பது சிவப்பாக மின்னினால் வெளிச்சம் உள்ளே வரவில்லை. இணைப்பு போன நொடியில் இந்த இரண்டையும் பார்த்தவர்கள் குறைவு, எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போனில் பெட்டியை வீடியோ எடுத்து வைத்தால் அதுவே சாட்சி.

விளக்கெல்லாம் சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்கவில்லை, ஆனால் இரண்டு ஜன்னலும் ஓடுகிறது என்றால் அது டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றும் சேவை. கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டுப் பாருங்கள்.

ஒயரை லேசா ஆட்டினா வருது, விட்டா போவுது. டேப் சுத்தினா போதுமா?

போதாது. பிளக்கின் மேலே உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருக்கும். மேசையை நகர்த்தினாலே பிளக் அரை மில்லிமீட்டர் பின்னால் வரும், அவ்வளவு போதும் இணைப்பு விட. வெட்டிப் போட்டுவிட்டுப் புது ஆர்ஜே 45 பிளக் அடியுங்கள், சில ரூபாய்தான்.

நாக்கு நன்றாக இருந்தும் ஆட்டினால் போகிறது என்றால் பிளக்குக்குள் கம்பி சரியாகக் கடிபடவில்லை. பிளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து நுனியைப் பாருங்கள், எட்டு கம்பியும் கடைசி வரை போய் முட்டியிருக்க வேண்டும். வெளி உறையும் பிளக்குக்குள் போய் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். உறை வெளியே நின்று கலர் கலராகக் கம்பி தெரிந்தால், அடித்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். பிளக் மாற்றியும் மாறவில்லை என்றால் பெட்டியில் வேறு போர்ட்டில் குத்திப் பாருங்கள், உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் கம்பி ஒன்று வளைந்திருக்கலாம்.

நாங்க கடல்பக்கம் அண்ணா. மாட்டி ஒரு வருஷம்கூட ஆகல, பின்னுல பச்சை பிடிச்சிருக்கு. டூப்ளிகேட்டா?

முட்டம் பக்கம் ஒரு வீட்டில் கேமராவின் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுத் தகட்டில் ஓரத்தில் இருந்த மூன்று, குளத்துப் படிக்கட்டு மாதிரி பச்சைப் பாசி பிடித்திருந்தன. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மற்ற ஐந்தும் பளிச்சென்று இருந்தன. அந்தக் கேமரா மத்தியானம் முழுக்க ஒழுங்காக ஓடி, சாயங்காலம் ஈரக்காற்று ஏறியதும் போகும்.

நல்ல பிளக்கில் தகட்டின் மேல் தங்க முலாம் கொஞ்சம் தடிமனாக இருக்கும், மலிவானதில் பெயருக்குத்தான். முலாம் தேய்ந்த இடத்தில் உப்புக்காற்று உள்ளே இருக்கும் செம்பு கலந்த உலோகத்தைப் பிடிக்கும். கேபிள் வழியாகவே கரண்ட் போகும் பிஓஇ கேமரா என்றால் அரிப்பு இன்னும் வேகம். உப்புத் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். பிளக்கை வெட்டி புதிது அடியுங்கள். இணையும் இடம் வெளிச்சுவரில் இருந்தால் தண்ணீர் புகாத டப்பாவுக்குள் வையுங்கள், கேபிள் கீழிருந்து மேலே ஏறி உள்ளே போகட்டும், மேலிருந்து இறங்கினால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். பெட்டியைக் கடலைப் பார்த்த ஜன்னலில் வைக்காமல் உள் அறைக்குக் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது.

புது கேபிள்தான், மேல கேட் 6-ன்னு எழுதியிருக்கு. அது எப்படிக் கெட்டுப்போவும்?

எழுத்தை நம்பாதீர்கள், ஒரு முனையை வெட்டிக் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு. சிசிஏ என்பார்கள். முழுச் செம்புக் கேபிளின் விலையில் பாதிதான் இருக்கும், சுருளைத் தூக்கினாலே எடை குறைவாகத் தெரியும். இரண்டு மூன்று தடவை வளைத்தால் உள்ளே ஒடியும், உறை அப்படியே இருக்கும். மலிவு என்று நானும் ஆரம்பத்தில் வாங்கிப் போட்டிருக்கிறேன், அதே வீடுகளுக்குத் திரும்பப் போய்க் காசு வாங்காமல் மாற்றியும் கொடுத்திருக்கிறேன்.

செம்பாகவே இருந்தாலும் கேபிளைக் கதவிடுக்கில் விடுவது, சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிப்பது, மொட்டைமாடி வெயிலில் உள்வீட்டுக் கேபிளைப் போடுவது, இதெல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். வெளியே ஓடுவதற்கென்றே கறுப்பு உறை போட்ட கேபிள் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் அணில். தென்னை நிற்கும் வீட்டில் கேபிள் ஓடும் வழியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள், பல் பட்ட இடம் தெரியும்.

டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரிஞ்சுது. அப்போ கேபிள் நல்லாத்தானே இருக்கு?

அவசியம் இல்லை, இதில் எலக்ட்ரீஷியன்களே ஏமாறுவார்கள். அந்தச் சின்ன டெஸ்டர் இந்த முனையில் உள்ள கம்பி அந்த முனையில் வந்து சேருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கேபிளுக்குள் எட்டு கம்பியும் நான்கு ஜோடியாக முறுக்கியிருப்பது சும்மா அழகுக்கு இல்லை, ஒரே சிக்னல் ஒரே ஜோடியில் போனால்தான் அந்த முறுக்கு வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை அடக்கும்.

வரிசை இதுதான்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி மூன்றாவதும் ஆறாவதுமாகப் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். சிலர் 'எல்லாக் கலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் சரி' என்று அடிப்பார்கள். டெஸ்டரில் அருமையாக எரியும். நான்கைந்து மீட்டர் என்றால் வேலையும் செய்யும். கேபிள் நீளமாகிக் கூடவே கரண்ட் ஒயரும் ஓடினால் விட்டு விட்டுப் போகும். எட்டு லைட் எரிந்தது என்பதற்காகக் கேபிளை விடுதலை செய்யாதீர்கள், இரண்டு முனையிலும் கலர் வரிசையைக் கண்ணால் பாருங்கள்.

300 வரவேண்டிய ஸ்பீடு 94-லயே நிக்குது. இதுக்கும் கட் ஆவுறதுக்கும் சம்பந்தம் உண்டா?

ரொம்ப உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி சரியில்லை என்றால் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும், ஸ்பீடு டெஸ்டில் 94 மாதிரி நிற்கும். அந்தக் கம்பி சில சமயம் தொட்டும் தொடாமலும் இருந்தால் 1000-க்கு ஏறுவதும் 100-க்கு இறங்குவதுமாக இருக்கும், ஒவ்வொரு தடவை மாறும்போதும் சில நொடி நெட் போகும். முதலில் உங்கள் பெட்டியின் போர்ட்டே 100 வகையா என்று பார்த்துவிடுங்கள், பழைய பெட்டிகளில் அப்படித்தான் இருக்கும், அப்போது 94 என்பது கோளாறே இல்லை.

கம்ப்யூட்டரில் வேகத்தை 100 என்று கட்டாயப்படுத்திப் பூட்டினால் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். பூட்டாதீர்கள். ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் தானாக முடிவு செய்யும்படி இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், பழைய கோளாறோடு புதிதாக ஒன்று சேரும்.

கிணத்து மோட்டார் போட்டா நெட் போவுது. சிரிக்காதீங்க அண்ணா, நெசமாத்தான்.

சிரிக்க மாட்டேன், ஆசிரியர் வீட்டுத் தாளில் இருந்த 6.10-ம் இதுதான். மோட்டார் கிளம்பும் நொடியில் நிறைய கரண்ட் இழுக்கும், வீட்டு வோல்டேஜ் ஒரு கணம் தாழும். நல்ல அடாப்டர் அதைத் தாங்கிக்கொள்ளும். நான்கைந்து வருடம் இரவு பகலாகச் சூடான அடாப்டருக்குள் கெபாசிட்டர் காய்ந்திருக்கும், அது தாங்காது, பெட்டி அணைந்து எழும். கருங்கல் வீட்டில் மீட்டர் வைத்தபோது அடாப்டர் தனியாக 12 வோல்ட் காட்டியது, பெட்டியைக் குத்தியதும் 10-க்கு இறங்கியது. அவர்கள் ரவுட்டர் மாற்றியபோதெல்லாம் புதுசில் வந்த அடாப்டரை எடுத்து வைத்துவிட்டு, சுவரில் கிளிப் அடித்து நேர்த்தியாக மாட்டியிருந்த பழையதையே குத்தியிருக்கிறார்கள்.

புது அடாப்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட் அதே வோல்டாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை.

மோட்டார் போட்டால் பெட்டி அணையவில்லை, ஆனால் இரண்டு மூன்று நொடி மட்டும் போகிறது என்றால் நெட் கேபிள் மோட்டார் ஒயரோடு ஒரே பைப்பில் ஓடுகிறதா பாருங்கள். பிரித்து ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் குறுக்கே தாண்டட்டும், கூடவே ஓட வேண்டாம்.

இன்வெர்ட்டர் இருக்கு, அப்பவும் கரண்ட் போனா பெட்டி அணைஞ்சு எரியுது.

கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்த இடைவெளி மின்விசிறிக்குத் தெரியாது, பெட்டிக்குத் தெரியும். நிறைய இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டால் வேகமாக மாறும். அதிலும் நிற்கவில்லை என்றால் பெட்டிக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டினால் முடிந்தது.

மக்களே, மழ பெஞ்சாலும் காத்தடிச்சாலும் நெட்டு போவுதே, வீட்டுக்குள்ள எல்லாம் நல்லாத்தானே இருக்கு?

வீட்டுக்குள் நன்றாக இருக்கும் அம்மா, வெளியேதான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை கம்பிக்கு ஓய்வு இல்லை. ஃபைபர் ரப்பர் தோட்டத்துக்குள்ளேயும் தென்னைக்கு இடையிலும் வருகிறது. ஒரு மட்டை விழுந்து கம்பியில் சாய்ந்து நின்றாலே ஃபைபர் அந்த இடத்தில் மடங்கும், மடங்கிய இடத்தில் வெளிச்சம் கசியும். காற்றடித்தால் மட்டை ஆடும், நெட்டும் ஆடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் மட்டையே வேண்டாம், காற்றாலை சுற்றும் அந்தக் காற்றே போதும்.

பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் வந்துசேரும் வெளிச்சத்தின் அளவு ஆர்எக்ஸ் பவர் (RX Power) என்று இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை என்றால் கவலை இல்லை. மைனஸ் 27 பக்கம் போனால் எப்போது வேண்டுமானாலும் அறும். வெயில் அடிக்கும்போது ஒருதடவை, மழையில் ஒருதடவை போட்டோ எடுத்து வையுங்கள், இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் வெளியே ஏதோ ஓர் இணைப்பில் தண்ணீர் போகிறது அல்லது மடங்குகிறது. மஞ்சள் ஃபைபர் ஒயரைப் பெட்டிக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி வைத்திருந்தால் அதையும் அவிழ்த்து விடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாக, கழன்று நிற்கும் ஃபைபர் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள், அந்த லேசர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

இடி இடிக்கும்போது கேபிளைக் கழத்தணுமா? பெட்டி பிளக்கைப் பிடுங்கினா போதாதா?

இரண்டையும், அதுவும் இடி தலைக்கு மேலே வருவதற்கு முன்னால். ஏப்ரல், மே கோடைமழையும் அக்டோபர், நவம்பரும்தான் நமக்கு இடி காலம். மின்னல் நேராக விழ வேண்டாம், பக்கத்தில் விழுந்தாலே நீளமான கேபிளில் வோல்டேஜ் ஏறும். மொட்டைமாடிக் கேமராவிலிருந்து வரும் கேபிள்தான் பெரும்பாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவரும். இடிக்குப் பிறகு போர்ட் முழுசாகச் சாகாமல் அரை உயிரோடு இருந்து விட்டு விட்டு வேலை செய்வதும் உண்டு, அப்போது போர்ட் மாற்றிப் பார்ப்பது ஒன்றே வழி.

வீட்டிலிருந்து ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டுக்கோ தனியாக நிற்கும் கடைக்கோ செம்புக் கேபிள் இழுப்பதை நான் நிறுத்திவிட்டேன். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு, அதன் வித்தியாசம் கேபிள் வழியாக ஓடும். அங்கே ஃபைபர் இழுத்து இரண்டு முனையிலும் கன்வெர்ட்டர் வைப்பதுதான் சரி, கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. 100 மீட்டர் என்ற கேபிள் வரம்பும் அப்போது பிரச்சினை இல்லை.

கேமரா ரெக்கார்டர் மாட்டினதிலிருந்து கம்ப்யூட்டர்ல நெட் அப்பப்ப போவுது. கேமராவா காரணம்?

கேமரா இல்லை, முகவரிச் சண்டை. சில ரெக்கார்டர்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே 192.168.1.108 மாதிரி ஒரு நிலையான முகவரியோடு வரும். பெட்டி அது தெரியாமல் அதே எண்ணை உங்கள் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் மாறி மாறி நெட்டைப் பிடுங்கிக்கொள்ளும். ரெக்கார்டருக்கு 192.168.1.250 மாதிரி தள்ளி ஒரு முகவரி கொடுத்து, பெட்டி முகவரி விநியோகிக்கும் எல்லையை 200-உடன் நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சண்டைக்கு உறவுக்காரன் இன்னொருவன் இருக்கிறான், பழைய ரவுட்டர். 'சும்மா கிடக்கிறதே' என்று அதை ஸ்விட்ச் (ஒரு நெட் கேபிளைப் பல கேபிளாகப் பிரித்துக் கொடுக்கும் டப்பா) மாதிரி மாட்டுவார்கள், அதிலும் முகவரி விநியோகம் ஓடும், அதன் முகவரியும் 192.168.1.1 ஆகவே இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பத்தலைவர். பழையதில் டிஎச்சிபி-யை, அதாவது அந்த முகவரி விநியோகத்தை அணைத்து, முகவரியை மாற்றி, வான் போர்ட்டை (வெளி நெட் வந்து சேரும் துளை) விட்டுவிட்டு லான் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) குத்துங்கள்.

சரியா ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை போவுது, கடிகாரம் வச்ச மாதிரி. இது என்ன மாயம்?

கடிகாரம் பார்த்துப் போவது கேபிள் இல்லை, கேபிளுக்கு மணி தெரியாது. பெட்டி கொடுத்த முகவரிக்கு ஒரு தவணை உண்டு, பாதித் தவணையில் கம்ப்யூட்டர் அதைப் புதுப்பிக்கும். தவணை இரண்டு மணி நேரம் என்றால் மணிக்கு ஒருதடவை. சாதாரணமாக இது நமக்குத் தெரியாமலே நடக்கும். பெட்டி பதில் சொல்லத் தடுமாறினால்தான் தெரியும். தவணையை 24 மணி நேரமாக மாற்றிப் பாருங்கள், போகும் இடைவெளியும் கூடவே மாறினால் ஆள் சிக்கிவிட்டான். மேலே சொன்ன இரண்டு குடும்பத்தலைவர் வீட்டிலும் இதே மாதிரி நடக்கும்.

வீடு முழுக்க நெட் போச்சு, ஸ்விட்ச்ல எல்லா லைட்டும் பைத்தியம் பிடிச்ச மாதிரி மின்னுது.

ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் குத்தப்பட்டிருக்கும். வீட்டைப் பெருக்கும்போது தொங்கிக்கொண்டிருந்த முனையை நல்ல எண்ணத்தில் யாராவது குத்தியிருப்பார்கள். பிடுங்கினால் உடனே சரியாகும். யாரையும் திட்ட வேண்டாம்.

மற்ற எல்லாத்துலயும் நல்லா வருது, ஒரு லேப்டாப்புல மட்டும் அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை போவுது.

முதலில் அதே ஒயரை வேறு கம்ப்யூட்டரில் குத்துங்கள், ஒயர் சரியா என்று தெரிந்துவிடும். சரி என்றால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்' என்ற டிக்கை எடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று இருந்தால் அணையுங்கள். மின்சாரம் சேமிப்பது நல்ல விஷயம்தான், ஆனால் தூங்கும் போர்ட்டும் விழித்திருக்கும் பெட்டியும் சில ஜோடிகளில் ஒத்துப்போவதில்லை. யுஎஸ்பி-யில் குத்தும் கேபிள் அடாப்டர் என்றால் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அதுவேதான்.

சாயங்காலம் அவரு துபாயிலிருந்து வீடியோ கால் பண்ணும்போது மட்டும் நிக்குது. மற்றபடி நெட் இருக்கு. இதுவும் கேபிள் கோளாறா?

இரண்டு ஜன்னலைப் பாருங்கள் அக்கா. வரி விடாமல் ஓடுகிறது, ஆனால் 8.8.8.8-இல் மில்லி செகண்ட் மட்டும் 20-லிருந்து 600, 800 என்று ஏறுகிறது என்றால் அறுபடவில்லை, நெரிசல். வீட்டில் யாராவது ஒருவர் போனில் இருந்து போட்டோ, வீடியோ எல்லாம் தானாக நெட்டில் ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு அதை நிறுத்திப் பாருங்கள், பிள்ளைகளின் போனையும் சேர்த்து. வரிகளே விட்டுப்போனால் மட்டும் கேபிள் கேள்விகளுக்குத் திரும்புங்கள்.

எல்லாம் பாத்தாச்சு, வெளி லைன்தான் தப்பு. அவங்ககிட்ட எப்படிச் சொன்னா வேலை நடக்கும்?

'நெட் சரியில்லை' என்று சொன்னால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. பெட்டி ஜன்னல் ஓடும்போது 8.8.8.8 மட்டும் நின்ற ஸ்கிரீன்ஷாட், லாஸ் விளக்கு மின்னிய வீடியோ, வெயிலிலும் மழையிலும் எடுத்த ஆர்எக்ஸ் பவர் போட்டோ, போன நேரங்களின் பட்டியல், இந்த நான்கையும் அனுப்பிவிட்டு "மழையில் பவர் இவ்வளவு குறைகிறது, போஸ்டில் இருக்கும் இணைப்பைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். வருகிறவர் பெட்டியை மாற்ற வராமல் ஏணியோடு வருவார்.

வேலை முடிந்ததும் கம்ப்ளெயின்ட்டை முடிக்க உங்கள் போனுக்கு ஓடிபி வரலாம். அவரைச் சாயா குடிக்க உட்காரவைத்து, அந்த நேரம் இரண்டு ஜன்னலையும் ஓடவிட்டு, ஆர்எக்ஸ் பவர் எத்தனைக்கு வந்திருக்கிறது என்று அவரோடேயே பார்த்துவிட்டு ஓடிபி சொல்லுங்கள்.